காத்தமுத்துவின் மணிக்கட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்

காத்தமுத்து அண்ணனின் இடது மணிக்கட்டைக் கெடுத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இதை நான் ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்பவில்லை. கிட்டார் வாசித்தால் கை வலிக்கும், கடலுக்குப் போனால் முதுகு வலிக்கும், தைத்தால் கண் போகும் என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு பதில் தயாராக இருக்கிறது. பதில் தயாராக இருந்தால் அப்புறம் யார் யோசிக்கப் போகிறார்கள்? அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஞானசௌந்தரி. பகலில் காரைக்கால் பாரதியார் வீதியில் ஒரு மருந்துக்கடை மாடியில் தையல். கச்சேரி இருக்கும் நாளில் மருதையனின் மெல்லிசைக் குழுவில் பெண் குரல். பதினைந்து வருடமாக ஒரே மைக்குக்கு முன்னால் நின்று பாடுகிறேன். எனக்கு இடது பக்கம் காத்தமுத்து அண்ணன் ஹவாயன் கிட்டார். வலது பக்கம் அல்லா பிச்சை அண்ணன் தபேலாவும் டோலக்கும். பின்னால் டிரம்ஸை உடைப்பவர் மருதையன். பகலில் அவருக்குச் சவுண்ட் சர்வீஸ் கடை. கீபோர்டுக்கு அந்த வாரம் யார் அகப்படுகிறாரோ அவர்.

ஹவாயன் கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசிக்க மாட்டார்கள். மல்லாக்க மடியில் கிடத்தி வாசிப்பார்கள். இடது கையில் ஓர் எஃகு உருளை இருக்கும், அதற்குப் பெயர் ‘பார்’. அதைக் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டுக்கொண்டே போனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒலி அறுந்துவிடாமல் இழைந்து போகும். வலது கை மீட்டும். காத்தமுத்து அண்ணன் நல்ல மனநிலையில் இருக்கும்போது அந்தக் கிட்டார் என்னைவிட நன்றாகப் பாடும். இதை நான் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கருக்களாச்சேரிக்காரர், விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒரு சொல்தா வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப் போனவர், பரண்மேல் தூசி படிந்து கிடந்த கிட்டாரைப் பார்த்து, கூலிக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கி வந்தார். வானொலியில் கேட்டதைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து வாசித்தார். சுனாமி வந்த டிசம்பரில் அவர் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. கிட்டார் மட்டும் மருதையன் கடையில் இருந்ததால் தப்பியது. மனைவி மாரிக்கண்ணுவும் அவரும் இப்போது இருப்பது சுனாமி குடியிருப்பில்.

தானாகக் கற்றதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. தப்பாகக் கற்றதையும் தானாகவே கற்றிருப்பார்கள், அதனால் அதன் மேல் பாசம் அதிகம். கடையில் விற்கிற பார் கைக்கு அடக்கமாக இருக்கும். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பழைய படகு ஒன்றின் எஞ்சின் ஷாஃப்டிலிருந்து ஒரு துண்டை அறுத்து, லேத் பட்டறையில் கொடுத்து வழவழப்பாகக் கடைந்து வைத்துக்கொண்டார். அரைக் கிலோவுக்குக் குறையாது.

“கடல்ல படகுக் காத்தாடியச் சுத்துன இரும்பு, ஞானம். கம்பியில வச்சா சும்மாவா இருக்கும்?” என்பார்.

சும்மா இருக்காது, உண்மைதான். கையையும் சும்மா விடாது. போதாக்குறைக்கு அது மெக்கானிக் கை. நட்டை இறுக்கினால் இனி திரும்பாது என்கிறவரைக்கும் இறுக்குகிற கை. அதே கையால் அந்த அரைக் கிலோவையும் கம்பிகளின் மேல் வைத்து அமுக்குவார். ஒரு பாட்டு முடிவதற்குள் கட்டைவிரல் நகம் வெளுத்துவிடும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். இந்தக் கரையோரத்தில் மேடை நாற்காலிக்கு ஒரு சாதி உண்டு. பந்தல்காரர் வண்டியில் கை இல்லாத நாற்காலி நூறு வந்தால், கை வைத்த நாற்காலி ஐந்தோ ஆறோ வரும். அது பஞ்சாயத்துத் தலைவருக்கும் சிறப்பு விருந்தினருக்கும். மீனவக் கிராமத்தில் இது இன்னும் கெட்டி. படகு வைத்திருப்பவர் உட்காருவார், படகில் கூலிக்குப் போகிறவர் நிற்பார். யாரும் சட்டம் போடவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் கருக்களாச்சேரி அம்மன் திருவிழாக் கச்சேரியில் காத்தமுத்து அண்ணன் தனியாக ஒரு பாட்டை வாசித்தார். ஜனம் கைதட்டி ஓயவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் மாணிக்கவேல் மேடை ஏறி, ஒரு துண்டைப் போர்த்தி, கீழேயிருந்த தன் நாற்காலியை மேலே எடுத்து வரச் சொல்லி, அதில் அண்ணனை உட்கார வைத்தார். கை வைத்த நாற்காலி. கருநீலம். பாவம், தலைவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அன்றைக்குத் தொடங்கியது வினை.

அதற்கப்புறம் எந்த ஊர்க் கச்சேரியானாலும் அண்ணனுக்குக் கை வைத்த நாற்காலி வேண்டும். பந்தல்காரர் மறந்துவிட்டால் கிட்டாரை உறையிலிருந்து எடுக்க மாட்டார். மருதையன் ஓடிப்போய் எங்கிருந்தாவது தூக்கி வருவார். ஆனால் அதில் உட்கார்ந்து மடியில் கிட்டாரை எப்படிக் கிடத்துவது? இரண்டு பக்கமும் கை தடுக்கிறதே! நீங்களும் நானும் என்றால் நாற்காலியை மாற்றுவோம். அண்ணன் கிட்டாரை மாற்றினார். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பாலம் போட்ட மாதிரி அதை வைத்தார். மடிக்கும் கிட்டாருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தோள் காதுக்கு ஏறிவிடும், முழங்கைகள் பக்கவாட்டில் விரிந்துவிடும், மணிக்கட்டு மட்டும் உள்ளே மடங்கிக்கொள்ளும். அப்படியே மூன்று மணி நேரம்.

நான் தையற்காரி. மிஷின் மேசை நாலு விரல் உயர்ந்திருந்தால் பத்து ரவிக்கைக்குள் மணிக்கட்டு கழன்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். கை வைத்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு மிஷின் முன்னால் உட்காருகிற தையற்காரியை இந்த வட்டாரத்தில் காட்டுங்கள் பார்ப்போம். இதை அண்ணனிடம் தொண்ணூற்றொன்பதிலேயே சொன்னேன்.

“ரவிக்கை தைக்கிறதும் சங்கீதமும் ஒண்ணா, ஞானம்?” என்று சிரித்தார். அல்லா பிச்சை அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சிரித்த அண்ணனின் கைக்கு இரண்டாயிரத்து ஆறில் வலி வந்தது. முதலில் கச்சேரி முடிந்து மறுநாள் மட்டும். பிறகு கச்சேரியின் நடுவிலேயே. கட்டைவிரலின் அடியில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் சுரீர் என்று இழுக்கும். விரல் நுனிகள் மரத்துப்போகும். காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாது. ஒருநாள் படகில் ஸ்பானர் கைநழுவி எஞ்சினுக்குள் விழுந்தது. படகுக்காரர் வேறு மெக்கானிக்கைத் தேட ஆரம்பித்தார். இடது கை போனால் அண்ணனுக்குக் கிட்டாரும் இல்லை, படகும் இல்லை. வேறு தொழில் தெரியாது. மாரிக்கண்ணு என் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதுவிட்டுப் போனாள்.

ஊர் சும்மா இருக்குமா? வைத்தியம் பார்க்கக் கிளம்பியது. ஒருவர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். அதைப் பூசிக்கொண்டு வாசித்ததில் பார் வழுக்கி மூன்று கச்சேரி நாறியது. எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார், எலும்பு உடையவே இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மருதையன் செம்பு வளையம் வாங்கி வந்தார். அல்லா பிச்சை அண்ணன், துபாயில் இருக்கிற மச்சான் அனுப்பிய தைலத்தைக் கொடுத்தார். ஒட்டகத்துக்குப் பூசுகிற தைலமோ என்னவோ, மேடையில் பக்கத்தில் நிற்கிற எனக்குக் கண்ணீர் வந்தது, ஜனங்கள் நான் உருகிப் பாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். வலிக்கு ஊசியும் போட்டுப் பார்த்தார். வலி ஒரு மாதம் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தது. இவ்வளவு பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவர் எப்படி உட்கார்ந்து வாசிக்கிறார் என்று பார்க்கவில்லை.

பார்த்தவள் நௌஷின், அல்லா பிச்சை அண்ணனின் மகள். பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இரண்டாயிரத்து ஏழு கடைசியில் அல்லா பிச்சை அண்ணன் வீட்டு மாடியில் ஒத்திகை. அவள் டீ கொண்டுவந்தவள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு முழுப் பாட்டு வரைக்கும் அண்ணனையே பார்த்தாள். அங்கேயும் கை வைத்த நாற்காலிதான். வீட்டுக்கு வருகிறவருக்கு அதைத்தான் போடுவார்கள்.

“மாமா, கையில வலி எங்க ஆரம்பிக்குது?”

அண்ணன் காட்டினார்.

“நீங்க எந்திரிங்க. வாப்பா, அந்தக் குளியலறை ஸ்டூலக் கொஞ்சம் கொண்டாங்க.”

அண்ணன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். குளியலறை ஸ்டூல்! அவள் விடவில்லை. அண்ணனை அதில் உட்கார வைத்தாள். பாதம் இரண்டும் தரையில் படிந்தது, தொடை மேசை மாதிரி மட்டமானது, அதன் மேல் கிட்டார். முழங்கை தானாகக் கீழே தொங்கியது. அவர் மணிக்கட்டின் மேல் ஒரு அடி ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

“இப்பப் பாருங்க. முழங்கையிலேருந்து விரல் வரைக்கும் ஒரே கோடு. இது மடங்கக் கூடாது, மாமா. அப்புறம் இந்த பாரை ஏன் இந்த அமுக்கு அமுக்குறீங்க? அது பாட்டுக்குக் கம்பி மேல கிடக்கட்டும். நகத்துனா போதும்.”

“அமுக்கலேன்னா சத்தம் நடுங்குமேம்மா.”

“வாசிச்சுப் பாருங்க.”

வாசித்தார். நடுங்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் கேட்காத ஒரு மென்மை அதில் இருந்தது. அல்லா பிச்சை அண்ணன் ‘மாஷா அல்லா’ என்றார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. இருபது வருடமாக வீணாகப் பலத்தைச் செலவழித்திருக்கிறோம் என்று ஒரு சின்னப் பெண் பத்து நிமிடத்தில் நிரூபித்தால் யாருக்குத்தான் இனிக்கும்?

அவள் இன்னும் சொன்னாள். ஷாஃப்ட் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லேசான பார் வாங்க வேண்டும். சுரத்தை அசைக்கும்போது மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் முன்கை முழுவதையும் சேர்த்து மெதுவாக ஆட்ட வேண்டும். ஆரம்பிக்கும் முன்னால் வெந்நீரில் கையை நனைத்து விரல்களை விரித்து மூட வேண்டும். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை பாரைக் கீழே வைக்க வேண்டும். மரத்துப்போனாலோ குத்தினாலோ அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. கச்சேரி நாளில் ஸ்பானரைத் தொடக் கூடாது.

“இப்படியே போனா ஒரு வருசத்துல இந்தக் கை பிடிமானம் விட்டுரும், மாமா. அப்புறம் ஆபரேசன்தான். அதுக்கப்புறமும் பழைய கை வருமான்னு நான் சொல்ல மாட்டேன்.”

அவர் பயந்துவிட்டார். நாலு மாதம் ஸ்கூல் பிள்ளை மாதிரி இருந்தார். புதுச்சேரியில் சொல்லி லேசான பார் வாங்கினார். வீட்டில் மாரிக்கண்ணு மீன் ஆய உட்காருகிற ஸ்டூல் ஒன்று உண்டு. அதைக் கழுவித் துடைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அதில் உட்கார்ந்து வாசித்தார். வலி பாதிக்கு மேல் இறங்கியது. “டீ கிளாஸை ஒரு கையால புடிக்கிறாரு, அக்கா” என்று மாரிக்கண்ணு சந்தோஷமாக வந்து சொன்னாள்.

அந்த நாலு மாதமும் கச்சேரி இல்லாத மாதங்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பங்குனியில் கச்சேரிகள் ஆரம்பித்தன. மண்டபத்தூர் மேடையில் ஏறிப் பார்க்கிறேன், எனக்கு இடது பக்கம் கை வைத்த நாற்காலி. அதன் மேல் பாலம் போட்ட கிட்டார். அதன் பின்னால் தோளைக் காதுக்கு ஏற்றிக்கொண்டு காத்தமுத்து அண்ணன்.

“ஸ்டூல் எங்கண்ணே?”

“அது வீட்டுல வாசிக்கிறதுக்கு, ஞானம். மேடையில நாலு பேரு பாக்குறான்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் பாட்டின் சுருதியே விலகிவிட்டது. வலி எப்படி வருகிறது என்று தெரியாதவரை அவர் மேல் எனக்குப் பரிதாபம் இருந்தது. தெரிந்த பிறகும், கதவைச் சாத்திக்கொண்டு கையைக் காப்பாற்றிவிட்டு, கதவைத் திறந்ததும் கெடுத்துக்கொள்கிற மனிதரை என்ன சொல்வது? நாலு மாதத்தில் தேறியது ஆறு கச்சேரியில் போய்விட்டது. ஆனி கடைசியில் மறுபடியும் இரண்டு கையாலும் டீ கிளாஸ். நௌஷின் கேட்டபோது, “எல்லாம் நீ சொன்னபடிதாம்மா செய்யிறேன்” என்று கூசாமல் புளுகினார். அந்தப் பெண்ணும் தன் வைத்தியத்தில்தான் ஏதோ தப்பு என்று நம்பிக்கொண்டு வாடினாள்.

அந்த வருட ஆடியில் கருக்களாச்சேரி அம்மன் திருவிழா. அவருடைய சொந்த ஊர். முன்வரிசையில் மாணிக்கவேலும் பஞ்சாயத்தாரும் கை வைத்த நாற்காலிகளில். மேடையில் அதேபோல் கருநீலத்தில் ஒன்று, அண்ணனுக்கு. பொழுது சாய்கிற நேரத்தில் ஆரம்பித்தோம். மூன்றாவது பாட்டில் அவருடைய தனி வாசிப்பு. ஊரே அதற்குத்தான் காத்திருந்தது. சொந்த ஊர் என்பதால் அன்றைக்கு லேசான பாரையும் விட்டுவிட்டு அந்த ஷாஃப்ட் துண்டையே கொண்டுவந்திருந்தார்.

மேல் சுரத்துக்கு ஏறினார். அங்கே நிறுத்தி அசைக்க வேண்டும். அசைத்தார். விரல்கள் விட்டுவிட்டன. பார் கிட்டார்மேல் ‘டங்’ என்று விழுந்து, மேடைப் பலகையில் உருண்டு, விளிம்பைத் தாண்டி மாணிக்கவேல் காலடியில் போய் விழுந்தது. அப்புறம் பின்வரிசையில் யாரோ விசிலடிக்க, சிரிப்பு பரவியது. கீபோர்டுக்காரர் அவசரமாக அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வெறும் கையைக் கம்பிகளின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் அன்று அவருக்காக அழுதிருப்பேன், அவர் மேல் அவ்வளவு கோபம் இல்லாதிருந்தால்.

இடைவேளையில் பஞ்சாயத்தார் மேடையேறிப் பொன்னாடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் படுதா மறைவில் அண்ணன் கையை உதறிக்கொண்டு நின்றார். நான் நேராகப் போனேன்.

“அண்ணே, அடுத்த பாதிக்கு ஸ்டூல்ல உக்காருங்க. அல்லா பிச்சை அண்ணன் டோலக் பெட்டி இருக்கு, உயரம் சரியா இருக்கும்.”

“பெட்டி மேலயா? எங்க ஊருலயா?”

“உங்க ஊருக்காரன்தாண்ணே இப்ப சிரிச்சான்.”

“உனக்குத் தெரியாது, ஞானம். எங்கப்பா நாப்பது வருசம் அடுத்தவன் படகுக்குக் கூலியாப் போனாரு. தலைவர் வீட்டு வாசல்ல நின்னே காலம் போச்சு. உக்காருன்னு ஒருத்தன் சொன்னதில்ல. அந்த வீட்டு ஆளுதான் என்னை அந்த நாற்காலியில உக்கார வச்சாரு. கை போனாப் போகட்டும். அதுலேருந்து நான் இறங்க மாட்டேன்.”

இதுவரைக்கும் எனக்கு இது தெரியாது. கேட்டதும் நெஞ்சு இளகியது உண்மை. ஆனால் நான் நின்றுகொண்டிருந்தேன். மாலை ஐந்து மணிக்கு மைக் சரிபார்த்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன.

“பதினஞ்சு வருசமா உங்க பக்கத்துல ஒருத்தி நின்னுக்கிட்டே பாடுறாளே, அவளுக்கு உக்காருன்னு யாரு சொன்னா? நீங்க ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களாண்ணே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அங்கே நிற்கவில்லை. மேடைக்குப் போனேன். பேச்சு முடிந்து பஞ்சாயத்தார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கருநீல நாற்காலியை இழுத்து என் மைக்குக்கு முன்னால் போட்டேன். மைக்கைத் தாழ்த்தினேன். உட்கார்ந்தேன்.

பந்தல் முழுக்க ஒரு சலசலப்பு. மருதையன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, “ஞானம், ஏய் ஞானம், எந்திரி” என்று பல்லைக் கடித்தார். நான் திரும்பவில்லை. மாணிக்கவேல் புருவத்தை உயர்த்தினார், காலடியில் கிடந்த பாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாற்காலி அப்படி ஒன்றும் சுகமாக இல்லை. முதுகில் வெட்டியது. இதற்காகவா ஒரு மனுஷன் கையைக் கொடுத்தான் என்று நினைத்தேன்.

காத்தமுத்து அண்ணன் கிட்டாரோடு மேடையில் ஏறி வந்து, தன் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். அல்லா பிச்சை அண்ணன் டோலக் பெட்டியைக் காலால் நகர்த்தி அவர் பக்கம் தள்ளினார், சட்டைப்பையிலிருந்து லேசான பாரை எடுத்து அதன் மேல் வைத்தார். மாரிக்கண்ணு கொடுத்தனுப்பியதாம். ஊர் பார்க்க நிற்பதா, பெட்டியில் உட்காருவதா? நின்றால் அப்பா நின்ற வாசல்தான் நினைவுக்கு வரும். உட்கார்ந்துவிட்டார்.

மடியில் கிட்டார். முழங்கை தொங்கியது. மணிக்கட்டு நேரானது. முதலில் விட்ட அந்தத் தனி வாசிப்பையே மறுபடி எடுத்தார். மேல் சுரத்துக்கு ஏறினார், நிறுத்தினார், முன்கையோடு சேர்த்து அசைத்தார். அது எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. முன்வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த மாரிக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவரும் பெட்டியைப் பார்க்கவில்லை. முட்டாள் மனிதரே, இதைக் கேட்க வந்தவர்களுக்கு உங்கள் நாற்காலி எதற்கு என்று எழுந்து கத்தவேண்டும்போல் இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்ல பேர். முடியவில்லை. பஞ்சாயத்தார் மருதையனைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் பாட்டுக்கார அம்மா நின்றுதான் பாட வேண்டும், சபைக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்றார்கள். மருதையன் சரி என்றார். பக்கத்தில் நின்றிருந்த காத்தமுத்து அண்ணனும் தலையை ஆட்டினார். யாருடைய கைக்காக நான் உட்கார்ந்தேனோ அந்த ஆள்! மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை.

கை தேறியது. டீ கிளாஸ், ஸ்பானர், கிட்டார் மூன்றும் ஒழுங்காக நடக்கின்றன. இப்போது தேக்கில் ஒரு ஸ்டூல் செய்து, வார்னிஷ் அடித்து, ஆட்டோவில் கூடவே கொண்டுவருகிறார். வித்வான் ஸ்டூலில்தான் உட்கார வேண்டும், கை வைத்த நாற்காலி விருந்தாளிக்கு என்று புதிதாக யாருக்கோ விளக்கம் கொடுத்ததை நானே கேட்டேன். மணிக்கட்டை நேராக வைக்க வேண்டும், அமுக்கக் கூடாது என்று அடுத்தவருக்குப் புத்தி சொல்கிறார். ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி. நௌஷின் பெயரோ என் பெயரோ அதில் வராது. அந்த ஸ்டூலில் வேறு யாரும் உட்காரவும் கூடாது.

கை வைத்த நாற்காலியும் போகவில்லை. குழுவின் கௌரவம் என்று மருதையன் இன்னும் கேட்டு வாங்குகிறார். அது மேடையில் எனக்கும் அண்ணனுக்கும் நடுவே கிடக்கும். அதில் கிட்டாரின் உறை உட்கார்ந்திருக்கும். ஒரு வருடமாக நான் அந்த உறைக்குப் பக்கத்தில் நின்று பாடினேன். என் முழங்காலை நௌஷினிடம் காட்டியபோது அவள் சிரிக்கவில்லை. “நிக்காதீங்க, அக்கா” என்றாள்.

போன மாதம் சுரக்குடியில் கச்சேரி. இரண்டு பாட்டு பாடினேன். மூன்றாவது பாட்டுக்கு முன்னால், உறையைத் தூக்கிக் காத்தமுத்து அண்ணன் மடியில், கிட்டாரின் மேலேயே போட்டேன். நாற்காலியை மைக்குக்கு இழுத்து உட்கார்ந்தேன்.

“என்ன ஞானம் இது?” என்றார்.

“என் முட்டி வலிக்குதுண்ணே. நாலு பேரு பாக்கட்டும்.”

மருதையன் பின்னால் முனகினார். அண்ணன் ஒரு கணம் என் காலையே பார்த்தார். பிறகு மணிக்கட்டு மடங்காமல் அந்த உறையை எடுத்து, நாலாக மடித்து, தன் ஸ்டூலுக்கு அடியில் தரையில் வைத்துவிட்டு, மைக்கைத் தாழ்த்தச் சொல்லி மருதையனுக்குச் சைகை காட்டினார்.